பேரு தெரியும், பேச்சுவார்த்தை கிடையாது

போன வருஷம் பொறியியல் கலந்தாய்வு நடந்துகொண்டிருந்த சமயம். ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும். ஆபீஸ் ஆணிகளை எல்லாம் பிடுங்கி முடித்துவிட்டு இங்கே புனேயில் சாப்பிட உட்காருகிறேன், அம்பாசமுத்திரத்தில் இருந்து அக்கா பையன் போன்.

"மாமா, லேப்டாப்புல வைஃபையே காட்ட மாட்டேங்கு."

"நேத்து வரைக்கும் வந்துச்சேலே?"

"வந்துச்சு. இன்னைக்கு வேற லினக்ஸ் போட்டேன்."

விஷயம் இதுதான். என்னுடைய பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு அவனுக்குக் கொடுத்திருந்தேன். அவன் சீனியர் எவனிடமோ ஒரு பென் டிரைவ் வாங்கி, நான் போட்டதைச் சுத்தமாக அழித்துவிட்டு, அதிலிருந்த நாலைந்து வருஷப் பழசான இன்னொரு லினக்ஸைப் போட்டிருக்கிறான். ஏன்லே என்றால், "பாக்க நல்லா இருந்துச்சு மாமா" என்கிறான். கல்லூரி விருப்பப் பட்டியலைப் பதிவு செய்ய நாளை மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிதான் கெடு. நூறு கல்லூரி, ஒவ்வொன்றிலும் நாலைந்து பாடப்பிரிவு. அதையெல்லாம் செல்போன் திரையில் விரலால் தேய்த்து வரிசைப்படுத்தினால் எங்கேயாவது ஒரு இடத்தில் தப்பு நடக்கும், நடந்தால் நாலு வருஷம் போச்சு. பின்னால் அத்தான் குரல் கேட்கிறது: "காசு குடுத்து விண்டோஸ் போட்டிருந்தா இந்தப் பாடு உண்டுமா? ஓசில கெடைக்கதெல்லாம் இப்படித்தான்."

அத்தானுக்கு அன்றைக்குப் பதில் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன். கொஞ்சம் கொசுவத்தி சுற்ற வேண்டியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸில் ஏதாவது ஒன்று வேலை செய்யவில்லை என்றால் எல்லோரும் சொல்வது ஒரே வசனம்தான்: "லினக்ஸ் கண்டுபிடிக்கலை." இருபது வருஷத்துக்கும் மேலாக இதைக் கேட்கிறேன், ஆரம்பத்தில் நானே சொல்லியும் இருக்கிறேன். பெரும்பாலும் அது தப்பு. கேட்க வேண்டியது மூன்று கேள்வி. அந்தச் சாதனம் தன் பேரைச் சொன்னதா? பேரைக் கேட்டு அதற்குரிய டிரைவர் வந்து உட்கார்ந்ததா? அந்த டிரைவர் கேட்ட ஃபர்ம்வேர் கிடைத்ததா? மூன்றுக்கும் வேறு வேறு வைத்தியம். அதைவிட முக்கியம், மூன்றும் லினக்ஸின் மூன்று வேறு வேறு காலத்து வியாதிகள்.

முதலில் பேரே இல்லாத காலம்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் எழுத ஆரம்பித்தபோது வன்பொருளைக் கண்டறிவது என்ற பிரச்சினையே அவருக்கு இல்லை. அவர் எழுதியது ஹெல்சிங்கியில் அவர் மேஜையில் இருந்த ஒரே ஒரு 386 பொட்டிக்காக. அந்த வருஷம் செப்டம்பரில் வந்த 0.01 பதிப்பில் கீபோர்டு ஃபின்லாந்துக் கீபோர்டு. ஹார்ட் டிஸ்க்கின் அளவுகளை நிரலுக்குள்ளேயே எழுதி கம்பைல் பண்ண வேண்டும். தன் வீட்டில் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று யாராவது தேடிப் பார்ப்பார்களா என்ன?

சிக்கல் ஆரம்பித்தது மற்றவர்கள் வீட்டுக்கு அது போனபோது. அப்போது பொட்டிகளில் இருந்தது ஐஎஸ்ஏ பஸ். அதில் செருகிய கார்டுக்குத் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வழியே கிடையாது. கார்டில் இருக்கும் குட்டி குட்டி ஜம்பர்களைக் கழற்றி மாட்டி, இந்த ஐஆர்க்யூ, இந்த போர்ட் முகவரி என்று நாமே தீர்மானிக்க வேண்டும். சவுண்ட் பிளாஸ்டர் என்றால் போர்ட் 220, ஐஆர்க்யூ 5, டிஎம்ஏ 1. என்இ2000 வகை நெட்வொர்க் கார்டு என்றால் பெரும்பாலும் 300. இதெல்லாம் பதினாறடிமான எண்கள். அந்தக் காலத்தில் லினக்ஸ் போட்டவர்களை நடுராத்திரி எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள்.

கார்டு தானாகச் சொல்லாது என்பதால் கர்னல் என்ன செய்யும்? தட்டிப் பார்க்கும். 300-ஆம் போர்ட்டில் ஒரு எண்ணை எழுதி, திரும்பி வருவது என்இ2000 மாதிரி இருக்கிறதா என்று பார்க்கும். அங்கே இருப்பது வேறு கார்டு என்றால்? அந்தத் தட்டலையே அது ஏதோ கட்டளை என்று எடுத்துக்கொண்டு பொட்டி மொத்தமும் உறைந்துவிடும். இருட்டில் யார் வீட்டுக் கதவு என்று தெரியாமல் தட்டி, நாயிடம் கடி வாங்குவது மாதிரி. அதனால்தான் அன்றைய லினக்ஸில் பூட் ஆகும்போதே "ரிசர்வ்" என்று ஒரு வரி கொடுத்து, இந்தப் பக்கம் தட்டாதே என்று கர்னலுக்குச் சொல்லி வைக்கும் வசதி இருந்தது.

இந்தத் தட்டல் வேலையில் பெரும் பங்கு டொனால்ட் பெக்கர் என்பவருடையது. நாசாவின் காடர்ட் மையத்தில் இருந்துகொண்டு, சாதாரணப் பொட்டிகளைக் கோர்த்து சூப்பர் கம்ப்யூட்டர் செய்யும் பெவுல்ஃப் திட்டத்தை 1994-ல் தாமஸ் ஸ்டெர்லிங்கோடு சேர்ந்து ஆரம்பித்தவர். பொட்டிகளைக் கோர்க்க நெட்வொர்க் கார்டு வேண்டும், கார்டுக்கு டிரைவர் வேண்டும், எனவே ஒவ்வொரு மாடலுக்கும் எழுதித் தள்ளினார். நம் ஊர்க் கல்லூரி ஆய்வகத்தில் மலிவு நெட்வொர்க் கார்டில் லினக்ஸ் ஓடியதென்றால் அதில் பாதி அந்த மனிதர் புண்ணியம்.

எங்கள் கல்லூரியில் நான் லினக்ஸைப் பார்த்தது பிசிக்வெஸ்ட் பத்திரிகையோடு வந்த சிடியில். இணையத்தில் இறக்குவதென்பது நினைத்தே பார்க்க முடியாத அந்த நாட்களில், 1996-ல் ஆரம்பித்து அந்தப் பத்திரிகை லினக்ஸ் சிடிகளை வாசகர்களுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் இருந்தவர் 2013-ல் காலமான அதுல் சிட்னிஸ். பெங்களூரில் லினக்ஸ் மாநாடுகள் நடத்தியவரும் அவர்தான். இந்தியாவில் என் வயதுக்காரர்களில் எத்தனையோ பேருக்கு லினக்ஸ் வாசல் அந்த சிடி.

அந்தக் காலத்தின் கடைசிக் கட்டத்தில், 1993-ல், ஐஎஸ்ஏ கார்டுகளுக்கே "பிளக் அண்ட் பிளே" என்று ஒரு ஒட்டுப்போட்டார்கள். "செருகு, விளையாடு" என்பது அர்த்தம். நடைமுறையில் செருகு, சாமி கும்பிடு. லினக்ஸில் இதற்கென்று ஐஎஸ்ஏபிஎன்பி டூல்ஸ் என்று ஒரு கருவி. கார்டு சொல்வதையெல்லாம் ஒரு கோப்பில் கொட்டும். அதில் நமக்கு வேண்டிய வரிகளின் முன்னால் இருக்கும் குறியை ஒவ்வொன்றாக அழித்து, திரும்ப ஓட்ட வேண்டும். சவுண்ட் வர ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவாகும். வந்ததும் போடுகிற முதல் பாட்டு ராஜா பாட்டுதான், சந்தேகமில்லை :-)

நிலைமையை அடியோடு மாற்றியது 1992-ல் இன்டெல் கொண்டுவந்த பிசிஐ. பரவலாக வந்து சேரச் சில வருஷம் ஆனது. பிசிஐ-யில் ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு அடையாளப் பக்கம் உண்டு. அதில் முதல் 16 பிட் தயாரித்த கம்பெனியின் எண், அடுத்த 16 பிட் சாதனத்தின் எண். இன்டெல் தனக்கு வாங்கிக்கொண்ட எண் 8086, தன் புகழ்பெற்ற பிராசசரின் பெயர். ஃபேன்சி நம்பர் வாங்கும் ஆசை கார்க்காரர்களுக்கு மட்டும் இல்லை. கர்னல் இனிமேல் கண்டபடி தட்ட வேண்டாம். ஒவ்வொரு இடமாகப் போய், யார் இருக்கிறீர்கள் என்று கேட்டால் போதும். ஆள் இல்லாத இடத்தில் இருந்து எல்லா பிட்டும் ஒன்றாகத் திரும்பி வரும். 1996-ல் வந்த யுஎஸ்பி-யும் இதே வழிதான், ஒரு கம்பெனி எண், ஒரு பொருள் எண்.

இந்த எண்களை மனிதர் படிக்கும் பெயராக மாற்றிக் காட்டுவதற்குத்தான் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை. மார்ட்டின் மரேஷ் என்ற செக் நாட்டுக்காரர் எழுதிய பிசிஐ யுடில்ஸ் தொகுப்பில் வருவது. ஒன்றைக் கவனியுங்கள். எல்எஸ்பிசிஐ-யில் ஒரு கார்டின் பெயர் வந்துவிட்டால், லினக்ஸ் அதைக் கண்டுபிடித்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு மேல் வருகிற பிரச்சினை எதுவும் கண்டறிதல் பிரச்சினை இல்லை. அதிலும் பெயர் வராவிட்டால் மட்டும்தான் கழன்ற கார்டு, பயாஸில் அணைத்து வைத்த சாதனம், லேப்டாப் ஓரத்து ஸ்விட்ச் என்று தேட வேண்டும்.

பேர் தெரிந்தாகிவிட்டது. அந்தப் பேருக்கு எந்த டிரைவர் என்று யார் சொல்வது? ஆரம்பத்தில் அந்தந்த டிஸ்ட்ரோக்காரர்கள் கையால் அட்டவணை எழுதி வைத்திருந்தார்கள். ரெட் ஹேட்டில் குட்ஸு என்று ஒரு ஜந்து இருந்தது. கிடைத்த இடமெல்லாம் படரும் ஒரு கொடியின் பெயர். பொட்டி பூட் ஆகும்போது நீலத் திரை போட்டு, புதுசாக ஒன்று வந்திருக்கிறது, சேர்க்கட்டுமா என்று கேட்கும். 2000-ல் கிளாஸ் நாப்பர் வெளியிட்ட நாப்பிக்ஸ் சிடி அதே குட்ஸுவை வைத்துக்கொண்டுதான் அந்த வித்தையைக் காட்டியது: ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல், சிடியிலிருந்தே பூட் ஆகி, ஒரு கேள்வி கேட்காமல் சவுண்டும் படமும் வரும். புதுப் பொட்டி வாங்கப் போகும்போது நாப்பிக்ஸ் சிடியைச் சட்டைப்பையில் கொண்டுபோய்க் கடையிலேயே போட்டுப் பார்ப்போம். கடைக்காரர் முறைப்பார்.

நிரந்தரத் தீர்வு கர்னலுக்குள்ளேயே வந்தது. ஒவ்வொரு டிரைவரும், தான் எந்தெந்த எண்களுக்குப் பொறுப்பு என்று தனக்குள்ளேயே ஒரு பட்டியல் வைத்திருக்கும். அந்தப் பட்டியல்களை எல்லாம் திரட்டி ஒரே கோப்பில் போட்டு வைக்கும் வேலை டெப்மாட் என்ற நிரலுக்கு. 2003 டிசம்பரில் வந்த 2.6 கர்னலில் இதோடு சிஸ்எஃப்எஸ், கிரெக் க்ரோ-ஹார்ட்மன் எழுதிய யூடெவ் எல்லாம் சேர்ந்துகொண்டன. சாதனம் செருகியதும் கர்னல் குரல் கொடுக்கும், யூடெவ் கேட்டுக்கொள்ளும், எண்ணைப் பார்த்து டிரைவர் ஏறும். இன்றைக்கும் பெரிய மாற்றம் இல்லாமல் அப்படித்தான் ஓடுகிறது. ஆக, தொழில்நுட்பமாகப் பார்த்தால் 2004 வாக்கில் லினக்ஸின் கண்டறிதல் சிக்கல் தீர்ந்துவிட்டது.

பிறகு ஏன் 2004-ல் நாங்கள் எல்லாம் அழுதுகொண்டிருந்தோம்? பேர் தெரியும், ஆனால் பேச்சுவார்த்தை இல்லை. கல்யாண வீட்டில் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும் பங்காளிகள் மாதிரி.

என் கதையைச் சொல்கிறேன். 2003, புனேக்கு வந்து ஒரு வருஷம். கோத்ரூடில் மூன்று பேர் சேர்ந்து ஒரு அறை. ஒப்பந்த வேலை, எப்போது வேண்டுமானாலும் போகலாம். ஊர்ப்பக்கம் வேலை தேடி எல்லா இடத்துக்கும் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தேன். அசெம்பிள் செய்த பொட்டி, உள்ளே ஒரு பிசிஐ மோடம். இளரத்தம் இல்லையா, விண்டோஸை வேரோடு பிடுங்கிவிட்டு ரெட் ஹேட் 9 போட்டேன். எல்எஸ்பிசிஐ கொடுத்தால் மோடத்தின் பேர், கம்பெனி, சிப் எண் எல்லாம் அழகாக வருகிறது. டயல் பண்ணச் சொன்னால் கல்லு மாதிரி இருக்கிறது.

காரணம் அது மோடமே இல்லை, மோடம் மாதிரி ஒன்று. வின்மோடம் என்பார்கள். சிக்னலைப் பிரித்துப் பார்க்கும் வேலையைச் செய்ய வேண்டிய சிப்பை விலை குறைப்பதற்காக எடுத்துவிட்டு, அந்த வேலையை விண்டோஸ் டிரைவர் வழியாகப் பிராசசர் தலையில் கட்டிவிட்டார்கள். கார்டில் மிச்சம் இருப்பது போன் ஒயர் செருக ஒரு ஓட்டையும் கொஞ்சம் சில்லறையும். அந்த டிரைவருக்குள் என்ன இருக்கிறது என்பது கம்பெனியின் ரகசியம். லினக்ஸுக்கும் ஒன்று வைத்திருந்தார்கள், அதுவும் மூலநிரல் இல்லாத பொட்டலமாக. பிரௌசிங் சென்டரில் அதை ஃப்ளாப்பியில் இறக்கிக்கொண்டு வந்து போட்டால், அது 2.4.18 கர்னலுக்கு ஆனதாம். என்னுடையது 2.4.20. ஏற மாட்டேன் என்றுவிட்டது. மறுநாள் வேறொரு பதிப்பு, வேறொரு ஃப்ளாப்பி. லின்மோடம்ஸ் என்ற தன்னார்வலர் குழுவின் குறிப்புகளை வைத்து இன்னும் இரண்டு நாள். இப்படி ஒரு வாரம். சென்டருக்குப் போனபோதெல்லாம் டிரைவர் தேடினேனே தவிர, பிடிவாதத்தில் மெயிலைப் பார்க்கவே இல்லை. வீட்டில் இருந்தே பார்ப்பேன் என்று சபதம்!

கடைசியில் சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடம் ஒன்றை, சம்பளத்தில் கணிசமான ஒரு பங்கைக் கொடுத்து வாங்கினேன். செருகினேன், உடனே டயல் ஆனது. உள்ளே போனால் சென்னையில் ஒரு கம்பெனியின் நேர்முகத் தேர்வுக் கடிதம் காத்திருந்தது. தேதி முந்தாநாள்.

கெஞ்சி எழுதினேன். பதில் வரவில்லை. அதன் பிறகு இங்கேயே வேலை நிரந்தரமாகி, கல்யாணம் ஆகி, பிள்ளைகள் மராட்டியில் சண்டை போட்டுக்கொள்ளும் அளவுக்கு ஆகிவிட்டது. தங்கமணியிடம் இந்தக் கதையைச் சொன்னால், "அந்த மோடம் மட்டும் ஓடியிருந்தா நான் தப்பிச்சிருப்பேன்" என்பார். நான் எதுவும் பேசுவதில்லை.

தப்பு யார் மேல்? மெயிலைப் பார்க்காதது என் தப்பு, அதில் மாற்றமில்லை. அன்றைக்கு நான் லினக்ஸ் கர்னல்காரர்களைத்தான் அதிகம் திட்டினேன். பதிப்புக்குப் பதிப்பு உள் அமைப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் மூடிய டிரைவர் எப்படி ஓடும் என்று. அவர்கள் வாதம் வேறு: டிரைவரின் மூலநிரலை எங்களிடம் கொடுத்துவிடு, நாங்கள் எதை மாற்றினாலும் உன் டிரைவரையும் நாங்களே சேர்த்து மாற்றிவிடுகிறோம். வீம்பாகத்தான் தோன்றியது. ஆனால் அந்த வீம்பினால்தான் தயாரித்தவனே மறந்துபோன எத்தனையோ பழைய கார்டுகள் இன்றைய கர்னலில் எதுவும் செய்யாமல் ஓடுகின்றன. எனக்கு இது புரியப் பத்து வருஷம் பிடித்தது.

யோசித்துப் பார்த்தால் கட்டற்ற மென்பொருள் என்ற எண்ணத்தின் வேரிலேயே ஒரு டிரைவர் சண்டைதான் இருக்கிறது. 1980 வாக்கில் எம்ஐடி-யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. முன்பிருந்த பிரிண்டரில் காகிதம் சிக்கினால், காத்திருப்பவர்கள் திரையில் தகவல் போகும்படி ரிச்சர்ட் ஸ்டால்மன் நிரலை மாற்றி வைத்திருந்தார். புதியதற்கு மூலநிரல் தரவில்லை. அது இருந்த இன்னொரு பல்கலைக்கழகத்தவரை நேரில் போய்க் கேட்டால், வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன் என்று கைவிரித்துவிட்டார். 1983 செப்டம்பரில் ஸ்டால்மன் குனூ திட்டத்தை அறிவித்ததற்கு இந்தக் கசப்பும் ஒரு காரணம் என்று அவரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார். காகிதம் சிக்கிய விவகாரம், எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

மோடம் காலம் முடிந்து வைஃபை வந்தது. அதே நாடகம், வேறு மேடை. 2003-ல் என்டிஸ்ராப்பர் என்று ஒரு விசித்திரம் பிறந்தது. விண்டோஸின் வைஃபை டிரைவரை அப்படியே தூக்கி லினக்ஸ் கர்னலுக்குள் வைத்து, நீ விண்டோஸில்தான் இருக்கிறாய் என்று அதை நம்ப வைத்து ஓட்டுவது. ஓடவும் செய்தது! பல நேரம் கர்னலோடு சேர்ந்து படுத்தும்விட்டது.

லினக்ஸன்ட் என்ற கம்பெனி இதே வேலையைக் காசுக்குச் செய்தது. மோடம் டிரைவரும் விற்றது. 2004-ல் அதன் டிரைவரில் ஒரு தில்லுமுல்லு அம்பலமானது. மூடிய டிரைவர் ஏறினால் கர்னல் தன் மேல் "கறைபட்டது" என்று முத்திரை குத்திக்கொள்ளும். அதற்காக ஒவ்வொரு டிரைவரும் தன் உரிமத்தைச் சொல்ல வேண்டும். இவர்கள் ஜிபிஎல் என்று எழுதி, உடனே ஒரு சுழி எழுத்தைப் போட்டு, அதற்குப் பின்னால் மீதி உண்மையை எழுதியிருந்தார்கள். சி மொழியில் சுழி வந்தால் வாக்கியம் முடிந்தது என்று அர்த்தம். எனவே கர்னல் ஜிபிஎல் என்பதோடு படிப்பதை நிறுத்திக்கொள்ளும். தர்மபுத்திரர் "அசுவத்தாமன் இறந்தான்" என்று உரக்கச் சொல்லிவிட்டு யானையை மட்டும் முணுமுணுத்த அதே டெக்னிக். வாடிக்கையாளர்களுக்கு எச்சரிக்கை மேல் எச்சரிக்கையாக வந்து குழப்புகிறது, அதைத் தவிர்க்கத்தான் என்றார்கள். கர்னல்காரர்கள் நம்பவில்லை. நானும்தான்.

அந்தக் கட்டத்தில் நான் மிகவும் மதிப்பது பிராட்காம் சிப்களுக்கு நடந்த வேலையை. அந்தக் கம்பெனி ஆவணம் தரவில்லை. சில தன்னார்வலர்கள் மூடிய டிரைவரைப் பிரித்து, அது சிப்போடு எப்படிப் பேசுகிறது என்று பார்த்துப் பார்த்து ஆவணமாக எழுதினார்கள். வேறு சிலர் அந்த ஆவணத்தை மட்டும் படித்துப் புதிதாக டிரைவர் எழுதினார்கள். எழுதியவர்கள் மூடிய டிரைவரைப் பார்க்கவே இல்லை என்பது சட்டத்துக்காக வைத்த சுவர். 2006 ஜூனில் 2.6.17 கர்னலில் அது சேர்ந்தது. நாலு வருஷம் கழித்து, 2010 செப்டம்பரில், பிராட்காமே தன் புதிய சிப்களுக்குத் திறந்த டிரைவரை வெளியிட்டது. இடையில் 2007 ஜனவரியில் கிரெக் க்ரோ-ஹார்ட்மன், ஆவணம் மட்டும் கொடுங்கள், டிரைவரை இலவசமாக எழுதித் தருகிறோம் என்று எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவில் அறிவித்தார். எழுத முன்வந்தவர்கள் நூற்றுக்கணக்கில் குவிந்தார்கள்.

கிராபிக்ஸ் கார்டு கதை தனியாக ஒரு ராமாயணம். ஏஎம்டி 2007-ல் ஆவணங்களைத் தர ஆரம்பித்தது, 2012-ல் ஃபின்லாந்து மேடையில் டோர்வால்ட்ஸ் என்விடியாவைப் பார்த்து நடுவிரல் காட்டினார், 2022 மே மாதம் என்விடியா தன் கர்னல் பகுதியைத் திறந்தது. இப்போதைக்கு இவ்வளவு போதும்.

மூன்றாவது கேள்விக்கு வருவோம், ஃபர்ம்வேர். பிராட்காம் டிரைவரை எழுதி முடித்தும் அதை ஓட்ட முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கார்டுக்குள்ளேயே ஒரு குட்டிப் பிராசசர் இருக்கிறது. அதற்கு ஒரு நிரல் வேண்டும். முன்பெல்லாம் அந்த நிரல் கார்டின் ரோமிலேயே இருக்கும், விலை குறைக்க அதையும் எடுத்துவிட்டார்கள். ஒவ்வொரு முறை பொட்டி எழும்போதும் டிரைவர்தான் ஊட்டிவிட வேண்டும். அந்த நிரலோ கம்பெனியின் சொத்து, மறுவிநியோகம் செய்ய உரிமை இல்லை. எனவே கம்பெனியின் டிரைவரை இறக்கி, அதிலிருந்து ஃபர்ம்வேரை மட்டும் வெட்டி எடுக்கும் கத்தி ஒன்று செய்தார்கள். கருவியின் பெயரே ஃபர்ம்வேர் கட்டர். பிற்பாடு பல கம்பெனிகள், திறக்க மாட்டோம், ஆனால் விநியோகித்துக்கொள்ளுங்கள் என்று அனுமதித்தன. அவற்றையெல்லாம் சேர்த்து வைக்க லினக்ஸ் ஃபர்ம்வேர் என்று தனிக் களஞ்சியம் உருவானது. ஆனால் கொள்கைப் பிடிப்புள்ள டெபியன் மாதிரி டிஸ்ட்ரோக்கள், மூலநிரல் இல்லாத எதையும் அதிகாரபூர்வ நிறுவல் வட்டில் வைக்க மாட்டோம் என்று வருஷக்கணக்காக நின்றன. 2022 அக்டோபரில் டெபியன் உறுப்பினர்கள் ஓட்டெடுப்பு நடத்தித்தான் அதைத் தளர்த்தினார்கள். 2023 ஜூனில் வந்த டெபியன் 12-ல் இருந்து ஃபர்ம்வேர் வட்டிலேயே வருகிறது.

இப்போது அம்பாசமுத்திரம். எல்எஸ்பிசிஐ-யோடு -கே சேர்த்து அடிக்கச் சொல்லி, அத்தான் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். வைஃபை கார்டின் பேர் வந்திருந்தது. கீழே டிரைவரின் பேரும் இருந்தது. ஆக முதல் இரண்டு கேள்விக்கும் பதில் "ஆமாம்". அடுத்து டிமெஸ்ஜி அடித்து, ஃபர்ம்வேர் என்ற சொல் வரும் வரிகளை மட்டும் தேடச் சொன்னேன். ஒரு கோப்பின் பெயர், ஏற்ற முடியவில்லை, கடைசியில் மைனஸ் 2.

"மைனஸ் ரெண்டுன்னா என்ன மாமா? கார்டு போயிருச்சா?"

"இல்லலே. அந்தப் பேருல ஃபைலே இல்லைன்னு அர்த்தம். அவ்ளோதான்."

ஃபைலை இறக்க இணையம் வேண்டும், இணையம் வர ஃபைல் வேண்டும். பழைய முட்டை, கோழி. 2003-ல் இதற்குத்தான் ஃப்ளாப்பியும் கையுமாக அலைந்தேன். இப்போது அத்தானின் செல்போனை ஒயரால் லேப்டாப்பில் செருகச் சொல்லி, செட்டிங்ஸில் யுஎஸ்பி டெதரிங்கைத் தட்டச் சொன்னேன். பத்து விநாடி. இணையம் வந்துவிட்டது. டிரைவர் போடவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. ஏனென்றால் இங்கே எந்தக் கம்பெனி போன் என்று கர்னல் பார்ப்பதில்லை. நான் யுஎஸ்பி வழியே நெட்வொர்க் தருகிறவன் என்று போன் தன் வகையைச் சொல்கிறது, வகைக்குப் பொதுவான ஒரு டிரைவர் வந்து உட்காருகிறது. பென் டிரைவும் மவுஸும் செருகியதும் ஓடுவது இதே வழியில்தான். வேடிக்கை என்னவென்றால், பல போன்கள் இதற்குப் பேசும் ஆர்என்டிஸ் என்ற பாஷை மைக்ரோசாஃப்ட் உருவாக்கியது.

விருப்பப் பட்டியலை முதலில் முடிடா என்றேன். அன்றைக்கு ராத்திரியே உட்கார்ந்து இரண்டு மணி வரை வரிசைப்படுத்தி, மறுநாள் காலையில் அத்தானும் அக்காவும் ஒருதரம் சரிபார்த்து, பதினோரு மணிக்குப் பூட்டிவிட்டான். கெடுவுக்கு முழுதாக ஒரு நாள் மிச்சம். மத்தியானம் ஃபர்ம்வேர் பொதியையும் இறக்கிப் போட்டுப் பொட்டியைத் திரும்ப எழுப்பினோம். வைஃபை பட்டியலில் பக்கத்து வீட்டுப் பெயர்கள் எல்லாம் வரிசையாக வந்தன.

அத்தான் போனை வாங்கிக்கொண்டார்.

"அப்ப கார்டு நல்லாத்தான் இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு அத்தான். ஒரு ஃபைல்தான் இல்ல."

"அந்த ஒத்த ஃபைல மொதல்லயே உள்ள வச்சுக் குடுத்தா என்னவாம்?"

"அதுக்கு ஓட்டெடுப்பெல்லாம் நடந்துச்சு அத்தான்."

"கம்ப்யூட்டர்லயுமா?" என்றார்.